கரிக்குள் தேள்

அத்தியாயம் 11

கரியைக் கரியோடு தட்டினால் கண்ணாடி போல ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒலி எதுவும் இல்லாமல் விரலில் குத்தினால் அது கரியே இல்லை.

அன்று காலை விஜியின் விரலில் குத்தியது.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்து, அரை மூட்டைக் கரியைச் சரித்துவிட்டு, சாம்பிராணி போட நாலு நல்ல துண்டாகப் பொறுக்கத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். விரலை இழுத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு தேள், கொடுக்கைத் தூக்கியபடி நின்றது.

விஜி அலறவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும் என்று அவள் காது தானாகக் காத்திருந்தது. சிரிப்பு வரவில்லை. சிரிக்க வேண்டியவன் செத்து இன்றோடு ஒரு வருஷம்.

சரண் அவளுடைய கணவன் ஜெகதீசனின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் 'காயில்' கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் விஜியும் அதே பட்டறையில்தான் இருந்தாள். அவளைப் பார்த்து, 'எங்க அண்ணனுக்குக் கட்டிக் குடுக்கறீங்களா' என்று அவள் வீட்டில் போய்க் கேட்டவனே அவன்தான். மிச்சம் விழுகிற செம்புக்கம்பியை முறுக்கித் தேள் செய்வான். அதை அரிசி டிரம்மில், பவுடர் டப்பாவில், மடித்து வைத்த புடவைக்குள் ஒளித்து வைப்பான். அவள் தொட்டு அலறியதும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"அண்ணி, பாத்து எடு. கொட்டிடும்."

அதே தேள். அதே தூக்கிய கொடுக்கு. ஆனால் தீயில் வெந்து கறுத்துப் போயிருந்தது.

அயனம்பாக்கம் ஏரிச்சாலையில் ஜெகதீசனின் கிரில் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கூட்டம் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கம்பி வலை நிறையக் கோழியைக் கருக விட்டதற்காக, கை கொடுக்க வந்திருந்த தம்பியை ஜெகதீசன் அத்தனை பேர் முன்னாலும் அறைந்தான். சரண் ஏப்ரனைக் கழற்றி அடுப்புப் பக்கம் போட்டுவிட்டு நடந்தான். திரும்பி வரவில்லை.

அவர்களுடைய அம்மா சரசா அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். "அவன் வந்து துன்னட்டும், அப்பால நான் துன்றேன்" என்றாள். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவள் எழுந்து நடக்க முடியாமல் போனாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள். வந்ததும் மறுபடியும் தட்டு வைத்தாள்.

அந்த நாட்களில்தான் கொரட்டூர் தாண்டித் தண்டவாளத்தோரம் ஒரு உடல் கிடப்பதாகச் சொன்னார்கள். ஜெகதீசன் தனியாகப் போய்ப் பார்த்தான். முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றான். சரண் எப்போதும் போட்டிருந்தது போலவே செம்புக்கம்பி முறுக்கிய ஒரு மோதிரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தான். சுற்றிக் கட்டியபடியே உடல் நேராகச் சுடுகாட்டுக்குப் போயிற்று.

காரியம் முடிந்த அன்று சரசா தானாக வந்து இலையில் உட்கார்ந்து சோறு கேட்டாள்.

இப்போது கடையின் பெயர் 'சரண் கிரில்ஸ்'. பலகையில் அவன் முகம் சிரிக்கிறது. அதற்கு நேர் கீழேதான் அடுப்பு.

"இன்னாமே, நாலு கரி பொறுக்க இம்மா நேரமா?"

சரசா பின்வாசலில் நின்றாள். விஜி கையை மூடிக்கொண்டாள்.

"கல்லு நெறைய கீது அத்தே."

"உன் டப்பால போடு. அதான் சேத்து வெச்சுகினு கீறியே, பொக்கிஷம் மாதிரி."

கரியோடு வருகிற எதையும் விஜி தூக்கி எறிவதில்லை. ஒருமுறை அடுப்பில் கல் வெடித்து, கோழி வாங்க நின்றவரின் சட்டையைப் பொத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த மூட்டையும் தார்ப்பாயில் கொட்டாமல் அடுப்புக்குப் போகாது. ஆணி வரும், ஓட்டுச் சில்லு வரும், துருப்பிடித்த கீல், வாஷர், கோணி ஊசி வரும். ஒரு தடவை குழந்தைக் கையின் அளவில் ஓர் இரும்புக் காப்பு வந்தது. எல்லாவற்றையும் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எரிந்தும் தீராமல் வந்ததைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ராத்திரி பூனை டப்பாவில் இடித்தால் உள்ளே எல்லாம் சேர்ந்து கலகலக்கும். அப்போது மட்டும் ஏன் சேர்த்தோம் என்று தோன்றும்.

"படையல் முடிஞ்சதும் மோதிரத்த ஏரில உட்டுடணும்" என்றாள் சரசா. "ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிக்கக் கூடாதுன்னு கோயில் பூசாரி சொல்லிட்டாரு. அவனும் எத்தினி நாள் தான் இங்கியே சுத்திகினு கெடப்பான்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு வருஷமாக அந்த மோதிரம் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குள் இருந்தது.

ஜெகதீசன் மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஏரி பார்த்த அடுக்குமாடியில் குடியிருக்கும் ஸ்ரீராம் என்பவர் வீட்டில் சாயங்காலம் விருந்து. கோழி ஆர்டர். அவன் பேசி முடிக்கும் வரை விஜி நின்றாள். பிறகு உள்ளங்கையைத் திறந்தாள்.

அவன் பார்த்தான்.

"இன்னா இது?"

"கரில வந்துச்சு. தேளுங்க."

"பழைய ஒயரு. வளைஞ்சு கெடந்தா தேளாத்தான் தெரியும்."

"எட்டு காலும் வெச்சா ஒயரு வளையும்?"

"காலங்காத்தால உயிர எடுக்காத விஜி." குரல் தணிந்துதான் வந்தது. "அவன்தான் போற வர்றவன் எல்லாத்துக்கும் செஞ்சு குடுத்துகினு இருந்தானே. எவனோ தூக்கிப் போட்டுகீறான், அது குப்பையோட குப்பையா வந்துகீது. அம்மா கண்ல காட்டாத. அம்மாவ இப்பதான் மனுஷியா ஆக்கி வெச்சிருக்கேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் தேளை எடுத்துப் பார்க்க அவன் கையை நீட்டவேயில்லை. தம்பி செய்ததை ஒரு தடவை தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றாதா என்று விஜி நினைத்தாள்.

பத்து மணி வாக்கில் அப்துல் ரசாக் பாயின் குட்டி யானை வண்டி வந்து நின்றது. திருமழிசையில் கரி மண்டி வைத்திருப்பவர். சாயங்கால ஆர்டருக்கான மூட்டைகளைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தலைவாசலில் நின்றே துக்கம் விசாரித்தார். விஜி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பாய், இந்தக் கரி எங்கேர்ந்து வருது?"

"ஏம்மா, மறுபடி கல்லா? நான் சொல்லி அனுப்பறேன்."

"கல்லு இல்ல. எந்த ஊரு?"

"முன்ன இங்க திருத்தணி பக்கம் எடுத்துகினு இருந்தேன். இப்ப ரெண்டு மூணு மாசமா கமுதி பக்கத்துக் கரி. சீமக்கருவேல மரம். மூட்டம் போட்டு எடுக்கறாங்க."

"மூட்டம்னா?"

"மரத்த அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேல சேறு பூசிடுவாங்கம்மா. உள்ள நெருப்பு வெச்சு மூடிட்டா அது பாட்டுக்கு நாள் கணக்குல பொகையும். எங்கியாவது ஓட்ட உழுந்தா, ஆளு மேல ஏறி மண்ணு போட்டு அடைக்கணும். கஷ்ட ஜீவனம். சமயத்துல மேல் மண்ணு உள்வாங்கிடும். கால் வெச்ச ஆளு அப்படியே..."

நிறுத்திக்கொண்டார்.

"அப்படியே?"

"உடும்மா. தெவச ஊட்டுல நின்னுகினு இன்னா பேச்சு பேசறேன் பாரு."

விஜி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேளைக் காட்டினாள். பாய் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மூட்டத்துக்குள்ளயே இருந்துருக்கு. மரத்தோட சேந்து வெந்துகீது. ஆறின அப்பறம், மூட்ட கட்டசொல்ல உழுந்துருந்தா இப்டி கறுக்காது."

அது விஜிக்கே தெரியும். காயில் கம்பியின் மேல் சிவப்பு வார்னிஷ் பூசியிருக்கும். அது எரிந்து போனால்தான் செம்பு இப்படி ஆகும். தேள், புகையும் மரங்களுக்கு நடுவில், அந்த இருட்டுக்குள் இருந்திருக்கிறது. யாரோ போட்டிருக்க வேண்டும். அல்லது யாருடைய பையிலோ இருந்திருக்க வேண்டும்.

பாய் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். சரணை இங்கே எரித்தாயிற்று. சாம்பலைக் கரைத்தாயிற்று. பிறகு அங்கே மூட்டத்துக்குள் கிடந்தது யார்? ஒரு ஆள் இரண்டு இடத்தில் எரிய முடியுமா?

தேளை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சரசாவின் தங்கை குப்பம்மா கொரட்டூரிலிருந்து வந்து சமையலில் கை கொடுத்தாள். சரணுக்குப் பிடித்த வஞ்சிர வறுவல், முட்டை, கடைக் கோழி, பன்னீர் சோடா எல்லாம் அவன் படத்துக்கு முன்னால் இலையில் வந்தன. விஜி பொறுக்கிய கரியில் நெருப்பு பிடித்து, அதன் மேல் சாம்பிராணி தூவினார்கள். புகை படத்தின் மேல் ஏறியது. அந்தக் கரி எங்கே கிடந்து வந்தது என்று அந்த வீட்டில் விஜிக்கு மட்டும்தான் நினைவு. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மொட்டை மாடியில் காக்கைக்கு வைக்கப் போனார்கள். சரசா இலையைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒரு காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது.

"பாத்தியா, கூப்படறதுக்கு முன்னாடியே வந்துட்டான்" என்று சரசா கண்ணைத் துடைத்தாள்.

"நீ வேற சரசா. இந்தத் தெரு காக்காங்கோ உங்க கட கோழி துன்னு துன்னு வளந்ததுங்க. கூப்படாமயே பந்திக்கு வரும்" என்றாள் குப்பம்மா.

ஜெகதீசன் கூடச் சிரித்தான். விஜி காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கை என்றால் கத்தி மற்றவற்றைக் கூப்பிடும். இது கூப்பிடவில்லை. இலையில் உள்ள ஒவ்வொன்றையும் நிதானமாகத் தின்றது. பல நாள் பட்டினி கிடந்து வந்தது போலச் சோற்றைக்கூட விடவில்லை. தின்று முடித்தும் போகாமல், தலையைச் சாய்த்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"மஞ்ச துணில மோதிரத்த முடிஞ்சு எடுத்துகினு வாமே" என்று சரசா சிமிழை விஜியிடம் கொடுத்தாள்.

அடுப்படியில் யாரும் இல்லை. விஜி மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஒரு வருஷமாகத் தினமும் விளக்கேற்றும்போது பார்த்த மோதிரம்தான். ஆனால் அவன் செய்த தேளைப் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் காரியத்தன்று வீட்டிலிருந்த தேள்களை எல்லாம் ஜெகதீசன் பொறுக்கி எடுத்துப்போய்விட்டான். அம்மா பார்த்தால் அழுவாள் என்றான்.

முந்தானை முடிச்சிலிருந்து தேளை எடுத்தாள். கரியைத் துடைத்து, அதன் கொடுக்கை மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டுமே இரட்டைக் கம்பியைக் கயிறு போல முறுக்கிச் செய்தவை. மோதிரத்தில் முறுக்கின் வரிகள் வலப்பக்கம் சாய்ந்து ஏறின. தேளின் கொடுக்கில் இடப்பக்கம் சாய்ந்து ஏறின.

இரண்டையும் அடுப்பு மேடையில் வைத்து மறுபடியும் பார்த்தாள்.

சரண் இடது கைக்காரன். பட்டறையில் எல்லோரும் ஒரு பக்கம் முறுக்கினால் அவன் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். அவன் போட்ட இணைப்பைப் பிரிக்கிறவர்கள், பிரிப்பதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவார்கள். 'பீச்சாங்கைக்காரன் முறுக்குன்னு சீட்டு எழுதி ஒட்டுடா' என்று மேஸ்திரி ஜஸ்டின் தன் தலையில் அடித்துக்கொள்வார். விஜியே எத்தனை தடவை அவன் முறுக்கைப் பிரிக்கத் திணறியிருக்கிறாள்.

தேள் சரண் செய்தது. மோதிரம் சரண் செய்தது இல்லை.

மோதிரத்தின் முனையை விரலால் தடவினாள். கம்பியின் நுனி இரண்டு மடிப்பு மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தது. அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"விஜி, வெயில் ஏறுது, வாமே."

"வரேன் அத்தே."

இது ஏரிக்குள் போய்விட்டால் பிறகு பேச ஒன்றும் இருக்காது. அவள் பின்பக்கம் ஓடிப் பெயின்ட் டப்பாவில் கையை விட்டாள். கரியோடு என்றைக்கோ வந்த ஒரு துருப்பிடித்த வாஷர் கிடைத்தது. அதைப் பூவோடும் மஞ்சளோடும் துணியில் முடிந்தாள். மோதிரத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் ஜெகதீசன் முடிச்சை வாங்கினான். துணியோடு சேர்த்து விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அவன் கையை ஓங்கித் தூரத்தில் வீசினான். ஆகாயத்தாமரைக்கு நடுவில் சிறு சத்தத்தோடு விழுந்தது.

சரசா இரண்டு கையையும் கூப்பினாள்.

"போய்டு நைனா. அம்மாவப் பாக்க இனிமே வராத. நல்லபடியா போய்டு."

விஜியால் அதைக் கேட்க முடியவில்லை. இடுப்பில் மோதிரம் குத்தியது. நான் செய்தது பாவமா, இத்தனை நாள் இந்த வீட்டில் நடந்தது பாவமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்ததும் கடை திறந்தார்கள். சரசா வீட்டில் இருக்க மாட்டேன் என்று கூடவே வந்தாள்.

"தெவச நாள்ல கட தொறக்கணுமா?" என்று ஒரு வார்த்தை முனகினாள்.

"ஸ்ரீராம் சார் ஆளுங்கள கூப்ட்டுட்டாரும்மா. கடைசி நேரத்துல இல்லன்னா மனுஷன் இன்னா பண்ணுவாரு?" என்றான் ஜெகதீசன்.

கை சும்மா இருந்தால் மனசு எங்கேயோ போகிறது என்று சொல்லி, சரசா கடையின் பக்கவாட்டில் தார்ப்பாயை விரித்து, காலையில் பாய் இறக்கிய மூட்டையைக் கவிழ்த்துப் பொறுக்க உட்கார்ந்தாள். கரி ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுப்பது விஜிக்கு நன்றாகவே கேட்டது.

அடுப்பில் கனல் சிவந்தது. மசாலா தடவிய கோழிகளைக் கம்பி வலைக்குள் வைத்து ஜெகதீசன் மூடினான். ஒரு வலையின் பிடி உடைந்திருந்தது. கட்டுக்கம்பியை எடுத்து இரண்டாக மடித்து, வலையில் கோத்து, வலது கையால் முறுக்கினான். முறுக்கி முடித்ததும் நுனியை இரண்டு மடிப்பு மடித்து உள்ளே செருகினான். கையைக் கிழிக்கக் கூடாது என்று அவன் எப்போதும் அப்படித்தான் செய்வான். கரி மூட்டையின் வாயை, கேட்டின் தாழ்ப்பாளை, துணிக்கொடியை, எல்லாவற்றையும் அப்படித்தான் கட்டியிருந்தான்.

விஜி வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள்.

இடுப்பிலிருந்து மோதிரத்தை எடுத்து, அவன் முன்னால் இருந்த எவர்சில்வர் மேசையில் வைத்தாள்.

ஏரிக்குள் போனது எப்படித் திரும்பி வந்தது என்று அவன் கேட்கவில்லை. இடுக்கியால் கனலைக் கிளறினான்.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நெனச்சேன். காயில் கட்டுனவளாச்சே." வலையைத் திருப்பிப் போட்டான். கொழுப்பு சொட்டிக் கனல் சீறியது. "நான் முறுக்கசொல்ல அவன் கை எந்தப் பக்கம் போவும்னு எனக்கு ஞாபகத்துக்கே வரல விஜி. கூடப் பொறந்தவன். ஞாபகத்துக்கே வரல."

"எதுக்குங்க இப்டி பண்ணீங்க?"

"அம்மா சோறு துன்னாம கெடந்துது. அத நீயும்தான் பாத்த. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அதத்தான் தூக்கிகினு போயிருப்போம்." குரலைத் தணித்துக்கொண்டான். "அங்க ஒருத்தன் கெடந்தான். வயசும் ஒசரமும் இவன் மாதிரி. தேடிகினு யாருமே வரல. நான் அறைஞ்சதால போனவன் எங்கியாவது உசுரோட இருப்பான், வரசொல்ல வரட்டும், அதுவரைக்கும் அம்மா துன்னட்டும்னு..."

"நாம எரிச்சமே, அந்த ஆளு பேரு?"

"தெரியாது."

அவன் இடுக்கியை வைத்துவிட்டு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். கண் புகையில் சிவந்திருந்தது.

"அந்தத் தேளு, நெசமாவே வெந்துதான் கீதா?"

"வெந்துதான் கீது. மூட்டத்துக்குள்ள கெடந்ததுன்னு பாய் சொன்னாரு. மேல ஏறி நிக்கற ஆளுங்க உள்ள உழுந்துடுவாங்களாம்."

ஜெகதீசன் கனலையே பார்த்தான். பொய்யாக எரித்த தம்பி நிஜமாகவே எங்கோ எரிந்துபோயிருந்தால் யாரிடம் போய் அழுவது என்று அவன் யோசிக்கிறான் போலிருந்தது. வலையில் கோழி கருக ஆரம்பித்தது. அவன் திருப்பவில்லை.

பக்கவாட்டில் கரியின் கிணுகிணுப்பு நின்று போயிருந்ததை விஜி அப்போதுதான் கவனித்தாள்.

"ஜெகா."

சரசா மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். முழங்கை வரை கரி. வலது கையை மூடி வைத்திருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூடிய கையைத் திறந்தாள்.

கறுத்த உள்ளங்கையில் ஒரு தேள். கொடுக்கைத் தூக்கியிருந்தது. உடம்பு முழுக்கச் சிவப்பு வார்னிஷ் மின்னியது, இன்றுதான் முறுக்கியது போல.

"இது வேகல" என்றாள் சரசா.

ஜெகதீசன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. விஜி குனிந்து கொடுக்கைப் பார்த்தாள். வரிகள் இடப்பக்கம் சாய்ந்து ஏறின.

"பாய்க்குப் போன் போடு" என்றாள் சரசா. "இந்த மூட்ட எங்கேர்ந்து வந்துச்சோ அங்க நான் போவணும். நாளிக்கே போவணும்."

அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. கன்னத்தில் கரியைக் கரைத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. சிரித்தபடியே தேளை மேசையில் வைக்கப் போனவள், அங்கே ஏற்கெனவே கிடந்ததைப் பார்த்தாள்.

மதியம் கை கூப்பி வழியனுப்பிய மோதிரம்.

அதை எடுத்தாள். ஒரு வருஷம் பூ வைத்தது. குங்குமத்தின் சிவப்பு இன்னும் அதன் முறுக்குக்குள் இருந்தது. அவள் மோதிரத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். அடிப்பாள், கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அவள் தலை மெதுவாக மேலே திரும்பியது. காக்கைகள் எல்லாம் ஏரிக்கரை மரங்களுக்கு அடையப் போய்விட்ட நேரம். கடைப் பலகையின் மேல், சரண் சிரிக்கும் படத்துக்கு மேலே, ஒன்று மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்தது.

சரசா மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அப்ப மத்தியானம் வந்து வயிறு ரொம்பத் துன்னுட்டுப் போச்சே," என்றாள் அவள், யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போல மிகவும் தணிந்த குரலில், "அது யார்டா, ஜெகா?"